பேர் சொல்லாத இங்கிலீஷ்

ஆறு ஜப்பான்காரர்கள் இருக்கிறார்களாம். அதில் யார் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள், மாப்பிள்ளையின் தொழிற்சாலையில் போனை எடுத்த பெண்.

நான் ஆஸ்பத்திரியில், பிரசவ அறைக் கதவுக்கு எதிரே நின்றிருந்தேன். உள்ளே என் மகள். நாள் நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவரை வரச் சொல்லும்மா" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாப்பிள்ளையின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும் இடத்துக்குள் போகும்போது எல்லாரும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால்தான் தொழிற்சாலைக்கே அடித்தேன்.

இது எனக்கொன்றும் புதிதல்ல. சாவியை மறந்துவிட்டுப் போனார், மழை வருகிறது, வரும்போது பால் வேண்டும் என்று அடிக்கடி அந்த நம்பருக்குக் கூப்பிடுகிறவள்தான். பழைய ஆபரேட்டர் என் ஹலோவைக் கேட்டதுமே சிரித்துக்கொண்டு லைனைக் கொடுத்துவிடுவார். இன்றைக்கென்று பார்த்துப் புதுப் பெண்.

"மை டாட்டர் ஹஸ்பண்ட்" என்றேன்.

பேர் என்ன என்றாள்.

பேர் தெரியாமல் இல்லை. குடும்பப் பேர் நீளமானது, அந்தப் பதற்றத்தில் நினைவுக்கே வரவில்லை. சொந்தப் பேர் நன்றாகத் தெரியும். ஆனால் மாப்பிள்ளையைப் பேர் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் பொதுவாக இருப்பது என் அரைகுறை இங்கிலீஷ்தான். "ரைஸ் ரெடி", "ரெய்ன் கமிங், அம்ப்ரெல்லா டேக்" என்று எல்லாமே யாரையும் கூப்பிடாமல் மொட்டையாக இருக்கும். உன் இங்கிலீஷில் ஆளே கிடையாதும்மா என்று மகள் கேலி செய்வாள்.

கல்யாணமான புதிதில் அவரே கேட்டார், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று. அவர்கள் ஜப்பானிலும் மிக நெருங்கினவர்கள்தான் சொந்தப் பேரைச் சொல்வார்களாம். ஆசையாகக் கேட்டார், பாவம். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! நான் சிரித்து மழுப்பினேன். இரண்டு வருடமாக மழுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, கணவர் வந்துவிட்டாரா என்று கேட்டார்.

"ஐ வான்ட் நவோகி" என்று போனில் கத்தினேன். "நவோகி! நவோகி!"

அந்தப் பெண் ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு உள்ளே ஓடுவது கேட்டது.

திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. உங்கள் மாமியார் லைனில் இருக்கிறார், நவோகி வேண்டுமாம் என்று போய்ச் சொன்னாளாம். நவோகி என்றா சொன்னார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். ஆமாம் என்றதும், கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலைப் பார்த்து ஓடிவிட்டாராம்.

நான் இன்னும் விஷயத்தையே சொல்லவில்லை.