திரும்பி வருவதற்கான முப்பது

மாலை வெயிலில் நாணல் காட்டுக்கு மேலே ட்ரோன் இரைந்தபடி நிற்கிறது. கரையில் மகள் சின்னத் திரையைக் கண்கொட்டாமல் பார்க்கிறாள்: இடுப்பளவு சேற்றில் புதைந்து நிற்கும் அப்பா, அவரை நோக்கி ஊர்ந்து வரும் படகு. கால்மணி நேரத்துக்கு முன், பேட்டரி முப்பது சதவீதத்துக்கு இறங்கியதும் அப்பா இன்னும் கண்ணில் படாத நிலையில் ட்ரோன்காரர் அதைத் திருப்பியபோது, "இன்னும் கொஞ்சம் போங்கண்ணா, உங்களுக்கு மனசே இல்லையா?" என்று கத்தியிருந்தாள். "எதிர்காத்தும்மா, திரும்பி வர அந்த முப்பது வேணும். தண்ணியில விழுந்துட்டா அப்புறம் எதை வச்சுத் தேடுறது?" என்றவர், வேறு பேட்டரி மாட்டி மறுபடி பறக்கவிட்டார். இப்போது படகுக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்குகிறார். அப்பா அண்ணாந்து பார்த்துக் கையாட்டுகிறார். மகளின் கண்ணில் திரை கலங்குகிறது. "அண்ணா..." என்று ட்ரோன்காரர் பக்கம் திரும்புகிறாள். அவர் திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே, "பேட்டரி பாதிக்கு மேல இருக்கும்மா. அப்பா கரை சேர்ற வரைக்கும் கூடவே வரலாம்," என்கிறார்.