மருந்து கிடைக்காத லிசி

அது ஐந்தாவது நடைச் சோதனையா ஆறாவதா என்று அமலிக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. சின்ன மகள் லிசி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிடத்தில் முந்நூறு மீட்டர் நடந்தாள். திரையில் இருந்த இன்னொரு லிசி அன்று எழுந்திருக்கவே இல்லை. மருந்து தந்திருக்காவிட்டால் லிசி என்ன ஆகியிருப்பாள் என்று கணினி கணக்கிட்டுக் காட்டும் நிழல் அது.

அமலியால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மூத்தவள் ஜெனோவாவுக்கும் இதே தசை நோயால் இதே வயதில்தான் நடை நின்றுபோனது; பிறகு கையையும் தூக்க முடியாமல் போனது. நடக்க முடியாதவர்களுக்கு மருந்துச் சோதனையில் இடமில்லை என்று அவளைச் சேர்க்க மறுத்திருந்தார்கள்.

"இனி இவள என்ன செய்வீங்க டாக்டர்?" என்று லிசி கேட்டாள்.

"இவ வேலை முடிஞ்சுதும்மா. அழிச்சிருவோம்."

"அழிக்காதீங்க. இவளுக்கும் மருந்து குடுத்துப் பாருங்க. இப்ப எங்க அக்கா மாதிரிதான இருக்கா?"

"ஏட்டி, நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த ஜெனோவா.

டாக்டர் சிரிக்கவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "லிசி உடம்புல மருந்து என்ன செஞ்சுதுன்னு இப்ப நமக்குத் தெரியும். அத இவ கணக்குல போட்டுப் பாக்கலாம்," என்றார்.

மூன்று வாரத்தில் நிழல் கையைத் தூக்கியது. அதைக் காட்டி, நடக்க முடியாதவர்களுக்கும் ஒரு சோதனை நடத்த அவர் அனுமதி வாங்கினார். அதில் சேரப் போட்ட முதல் கையெழுத்து ஜெனோவாவுடையது.

லிசி இப்போது பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். நிழலை யாரும் அழிக்கவில்லை. ஜெனோவா இன்னும் நடக்கவில்லை. தலையைத் தானே வாரிக்கொள்கிறாள்.