முதல் புகை

"புகையெல்லாம் உனக்கு, தணலெல்லாம் அவளுக்கா?"

கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டே கேட்டாள் வீரலட்சுமி. தம்பி மருது பழநிக்கு நடக்க மார்கழி பிறந்ததும் மாலை போட்டிருக்கிறான், வழியனுப்பி வைக்கலாம் என்று சிவகங்கையிலிருந்து வந்தவள். வந்த மறுநாளே கண்ணில் பட்டுவிட்டது.

மருதுவின் மனைவி புஷ்பவள்ளிக்கு இடுப்பில் பிள்ளை, கண்ணில் தண்ணீர். தகர அடுப்பின் அடித்துளையில் ஊதிக்கொண்டிருந்தாள்.

சீமெண்ணெய் விளக்குக்கே பத்தாத வருஷம் அது. விறகு விலையும் கேட்கும்படி இல்லை. காரைக்குடியில் பாதி வீடு மரத்தூள் அடுப்புக்கு மாறியிருந்தது. தகர டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து அடைத்து, பாட்டிலை உருவிவிட்டுக் கீழே பற்றவைக்க வேண்டும். முதலில் புகைந்து தள்ளும். பிடித்துக்கொண்டால் மத்தியானம் வரைக்கும் கனன்றுகொண்டே இருக்கும், நினைத்தபோது அணைக்க முடியாது. ஒரு வீட்டுச் சமையல் முடிந்த பிறகும் பாதித் தணல் சும்மா எரிந்து போகும்.

ஏன் சும்மா போகணும் என்று பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துவும் புஷ்பவள்ளியும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் ஒரே அடுப்பு. தூள் மாற்றி மாற்றி வாங்குவது. ஒருத்தி இறக்கினதும் மற்றவள் ஏற்றுவது.

ஆரம்பத்தில் பாத்திமுத்துதான் முதலில் வைப்பாள். அவள் வீட்டுக்காரர் மீரான் சாகிபு காலையிலேயே மரம் விற்கிற மரவாடி வேலைக்குக் கிளம்பவேண்டும், தூக்குச்சட்டியில் சோறு போகவேண்டும். மார்கழி பிறந்ததும் அது மாறிப்போனது. பனிக்கு எந்திரிக்க முடியவில்லை, நீங்க முதலில் வச்சிருங்கக்கா என்றாள். புஷ்பவள்ளியும் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டாள்.

"பனி அவளுக்கு மட்டுந்தான் பெய்யுதாக்கும்" என்றாள் வீரலட்சுமி.

அடைக்கிறது நீ, ஊதுறது நீ. அவள் வெயில் ஏறின பிறகு ஆடி அசைஞ்சு வந்து, சிவந்த தணலில் சட்டியை வைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். மத்தியானமானால் கையில் ஒரு பை, தலைக்கு ஒரு குடை, டவுன் பக்கம் கிளம்பிவிடுகிறாள். இப்படியே சொல்லிக்கொண்டு போனவள் கடைசியில் ஒன்று கேட்டாள்.

"இந்தப் புகையில பிள்ளை இருமுறது உன் காதுல விழலையா?"

அதுதான் தைத்தது. நாளைக்கு அவளை முதலில் வைக்கச் சொல், மாட்டேன் என்றால் கூட்டை முறித்துக்கொண்டு தனி அடுப்பு வச்சுக்க என்று வீரலட்சுமி சொன்னதற்குப் புஷ்பவள்ளி தலையாட்டினாள். நல்ல சினேகிதியைக் கெடுத்துக்கொள்ளப் போகிறோமே என்றும் இருந்தது.

மறுநாள் பிள்ளையைச் சாக்காக வைத்துச் சொன்னாள்.

"இவன் இருமித் தூங்கவே விடல பாத்து. இன்னிக்கு நீ முதல்ல வையேன்."

பாத்திமுத்து ஒரு கணம் நின்றாள். முகம் சுளிக்கவில்லை. தூளை அடைத்தாள், பற்றவைத்தாள், புகையில் இருமினாள். உலை வைத்துச் சோற்றை வடித்ததும் அடுப்பை விட்டு எழுந்துகொண்டாள்.

"நீங்க வைங்கக்கா."

"குழம்பு?"

"அதுக்கென்ன அவசரம். அப்புறம் வச்சுக்கிறேன்."

வீரலட்சுமியின் கண் சும்மா இருக்குமா? துவைகல்லுக்குப் பின்னால் மூடி வைத்திருந்த மண்சட்டியைப் பார்த்துவிட்டாள்.

"கரைச்சு வச்ச குழம்பை ஏத்தாம, யாருக்குடி ஒளிச்சு வச்சிருக்க?" என்று போய் மூடியைத் தூக்கினாள்.

மீன் வாடை முகத்தில் அடித்தது.

பாத்திமுத்து ஓடிவந்து மூடியைப் பிடுங்கிச் சட்டியை மூடினாள். "தொறக்காதீக பெரியக்கா. மாலை போட்ட வீட்டுச் சோறு இன்னும் ஏறல. இது முன்னால கொதிச்சு அடுப்புல வழிஞ்சிருச்சுன்னா, அதுக்கு மேல நீங்க எப்படி உலை வைப்பீக?"



தினமும் தணல் அவிந்ததும் அந்த அடுப்புத் தகரத்தை அவள் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பது புஷ்பவள்ளிக்கு நினைவு வந்தது. சுத்தக்காரி என்று கேலி பண்ணியிருக்கிறாள்.

"அப்ப, பனிக்கு எந்திரிக்க முடியலன்னது?"

"விரத வீட்டுல வந்து கவுச்சிப் பேச்சை எடுக்கச் சொல்றீகளா?"

"சாகிபுக்குச் சோறு?"

"காலையில பழையதக் குடிச்சிட்டுப் போயிர்றாக. மத்தியானம் நான் மரவாடிக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு வாரேன்."

வீரலட்சுமி சுவரில் சாய்த்து வைத்திருந்த குடையையும் அதன் பக்கத்தில் இருந்த பையையும் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல பாத்து?" என்றாள் புஷ்பவள்ளி.

"சொன்னா நீங்க தனி அடுப்பு வச்சிருவீக. அப்புறம் ரெண்டு வீட்டுத் தணலும்ல சும்மா போகும்."

வீரலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் குத்தவைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், "நாளையிலிருந்து காலையில நான் பத்த வைக்கிறேன்" என்றாள்.

பாத்திமுத்து மீன்சட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணன் நல்லபடியா மலையேறிட்டு வர்ற வரைக்கும் வைங்க பெரியக்கா. அப்புறம் முதப் புகை எனக்குத்தான்."