கல்யாணத்தின் மேல் தேர்

“டெலிட் பண்ணிட்டேன்னு நீங்க சொன்னா நான் நம்பிடணுமாண்ணே?” என்று ஸ்டூடியோவில் நின்று வாசுகி கத்தினாள்.

“நானும்தான் நம்பல,” என்றான் தனபால். விவாகரத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

வாசுகிக்கு ஆவணியில் மறுமணம். பழைய கல்யாண வீடியோ ஊரார் செல்போனில் சுற்றக்கூடாது. ஸ்டூடியோக்காரர் முருகவேல் ஹார்டுடிஸ்க்கைத் தூக்கிக் காட்டினார்.

“டெலிட் பண்ணா பேருதாம்மா போகும், படம் உள்ளயே கெடக்கும். மேல வேற படத்த நெறச்சாத்தான் அழியும்.”

நிறைக்க அவரிடம் இருந்தது மூன்று வருடத் தேர்த்திருவிழா. நான்கு மணி நேரம் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவே அவளுடைய பையை வைத்துக்கொண்டு, திரையில் கோடு நகர்வதைப் பார்த்தார்கள். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் சாக்கில் தெருவில் பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நிறைந்ததும், சரிபார்க்க முருகவேல் ஓரிடத்தில் ஓட்டினார். தேர் அசைந்தது. கூட்டத்தின் ஓரத்தில் வாசுகியும் தனபாலும் ஒரே பஞ்சுமிட்டாயைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய வருடத் தேர் அது. பெண் பார்க்க வந்த அன்றுதான் முதன்முதலில் முகம் பார்த்தார்கள் என்றல்லவா இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள்!

“இதையும் அழிக்கணுமாம்மா?”

வாசுகி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “சாமி வீடியோண்ணே. அதுல கைய வைக்காதீங்க.”

ஆவணியில் அவள் திண்டுக்கல் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். தனபால் ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். கிளம்பிய அன்று காலை, கையில் பென்டிரைவோடு அவன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததை ஜெராக்ஸ் கடைக்காரி பார்த்திருக்கிறாள்.