ஐந்தரை மணிச் சாளை

அதே தட்டு. அதே சாளை மீன், உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்தது. சமையலறையில் அதே மூலை. மணியும் அதே ஐந்தரை.

வைக்கும் கை மட்டும் வேறு.

பூனை சாப்பிடவில்லை.

எதிர்வீட்டு ஜெசிந்தா திரும்பி வந்து கையைக் கழுவினாள். அவள் வீட்டு நாற்காலியில்தான் பூனையை வளர்க்கும் இவள் காத்திருந்தாள்.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்திருக்குக்கா. என் மாமியாகூட என் கையால குடுத்தா இவ்வளவு முறுக்கிக்கிட்டது இல்ல."

ஒரு மணி நேரம் கழித்து இவள் தன் வீட்டுக்குள் போனாள். பூனை எழுந்தது. ஜெசிந்தா வைத்த தட்டில், ஜெசிந்தா வைத்த மீனைத் தின்றது.

ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் சோதித்துப் பார்க்கிறாள். இது நான்காவது வருடம்.

ஜெர்மனியில் இருக்கும் மகன் கோடை வரும்போது கூப்பிடுவான். மூன்று மாதம் வந்து இருங்கள் என்பான். அவள் பூனையை ஜெசிந்தாவின் கைக்குப் பழக்கிப் பார்ப்பாள். பூனை பட்டினி கிடக்கும். என்னை விட்டு அது இருக்காதுடா என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

பேரனுக்கு நாலு வயது. அவன் பார்த்திருக்கும் பாட்டிக்கு வாய் கிடையாது. நெற்றியும் கண்ணாடியும் மட்டும்தான். வீடியோ காலில் அவள் போனைப் பிடிக்கும் விதம் அப்படி.

இந்த வருடம் மகன், பூனையையும் கூட்டி வந்துவிடுங்கள் என்றான். கூடைகூட வாங்கி அனுப்பினான்.

அதற்கான விதிகளை அவள் பொறுமையாகப் படித்தாள்.

முதலில் பூனையின் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. சிப் இல்லாத பூனைக்குப் போட்ட ஊசி எந்தப் பூனைக்குப் போட்டது என்று தாளுக்குத் தெரியாது. முப்பது நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு நன்றாக வந்தாலும், எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

மூன்று மாத விடுமுறைக்கு நான்கு மாத அனுமதி.

அதற்குப் பிறகு விமானம். பதினொரு வயதுப் பூனை. டாக்டரிடம் போன பத்து நிமிட ஆட்டோவிலேயே கூடைக்குள் மூத்திரம் போய்விட்டது. இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிருங்கம்மா. நான் லீவுக்கு எழுதணும்."

இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்குக் கேட்டது.

புதன்கிழமை ஜெசிந்தா இவளுடைய நைட்டியை மாட்டிக்கொண்டு போய்த் தட்டை வைத்தாள்.

"உங்கள விட எனக்குத்தான் இது எடுப்பா இருக்கு. அதான் அதுக்குப் பொறுக்கல."

வியாழக்கிழமை இவளைப் போலவே குரலை இழுத்துக் கூப்பிட்டாள்.

பூனை சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா புதிதாக ஒன்று சொன்னாள்.

"தட்ட வச்சதும் நேரா வாசலுக்குப் போவுதுக்கா. கம்பிக் கதவுகிட்ட நின்னு மோந்து பாக்குது. அப்புறம் நிம்மதியா வந்து படுத்துக்கிடுது."

நிம்மதியா?

பசியோடு இருக்கும் பூனைக்கு என்ன நிம்மதி?

சனிக்கிழமை காலை அவள் வாசலுக்கு உள்ளே தரையில் குப்புறப் படுத்தாள். முட்டி வலித்தது. கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். பூனையின் உயரத்திலிருந்து பார்த்தாள்.

காற்றுக்காக மரக்கதவு திறந்தே இருந்தது. கம்பிகளுக்கு வெளியே, ஒரு சாண் தூரத்தில், அவளுடைய செருப்பு.

எதிர்வீட்டுக்கு யார் செருப்புப் போட்டுக்கொண்டு போவார்கள்? நான்கு எட்டு. அங்கே போய் மறுபடியும் கழற்ற வேண்டும். நான்கு வருடமும் வெறுங்காலோடுதான் போயிருக்கிறாள்.

பூனை அவளைக் கண்ணால் தேடவில்லை. மூக்கால் தேடியது. செருப்பு இருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறாள். ஆள் இருந்தால் வந்துவிடுவாள். வரும்வரை பொறுக்கலாம்.

அது ஏங்கவில்லை. அடம்பிடிக்கவும் இல்லை. காத்திருந்தது.

தரையிலிருந்து எழுந்திருக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். பழைய துறைமுகம் வரை நடந்தாள். பூனை சாப்பிடாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வழியில் ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்டவில்லை. அதுவும் கூடவே நடந்து வந்தது.

ஆறேகாலுக்குத் திரும்பினாள். தட்டு பளபளவென்று இருந்தது. பூனை ஜன்னலில் உட்கார்ந்து முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தது. இறங்கி வரவில்லை.

"இன்னைக்கும் வாசலுக்குப் போச்சுக்கா. மோந்து பாத்துச்சு. மறுநிமிஷம் ஓடியாந்து என் காலச் சுத்துது, மகாராணி. நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் சிரித்துவைத்தாள்.

மகனைக் கூப்பிட்டாள். ஒரு டிக்கெட் போதும் என்றாள்.

அந்தப் பக்கம் பின்னால் பேரன் அவளுக்குத் தெரியாத மொழியில் ஏதோ கத்திக்கொண்டிருந்தான்.

"நாலு வருஷமாச் சாப்பிடாதது இப்ப மட்டும் எப்படிம்மா சாப்பிடுது? என்ன செஞ்சீங்க?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தாள்.

"வெளிய போகும்போது செருப்பப் போட்டுக்கிட்டுப் போனேன்டா."