கிடைக்காத குத்தகைப் பதிவு

கந்தோர்க் கிளாக்கர் கலோஜெரோ பொய் சொல்கிறான் என்பது அன்றைக்குத்தான் றோசமலருக்கு உறுதியானது.

போன தரம் கேட்டபோது, பழைய குத்தகைப் பதிவுகள் எல்லாம் ரோமிலுள்ள தலைமைக் கந்தோருக்குப் போய்விட்டதென்றான். இந்தத் தரம் கேட்டால், கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து எல்லாம் நனைந்து கிடக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறான். ரோமுக்குப் போனது இங்கே பலெர்மோவில் எப்படி நனைந்தது? சொல்லும்போது ஆள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் சிஞ்ஞோரா நுன்சியா எழும்பிவிட்டார். கால் உளைகிறது, வீட்டுக்குப் போவோம் என்றார்.

சிஞ்ஞோரா வாடகை வீட்டில் தனியே இருக்கிற விதவை. அவரைப் பார்த்துக்கொள்வதுதான் மன்னாரிலிருந்து வந்த றோசமலருக்கு வேலை.

சிஞ்ஞோராவுக்கு என்னா என்கிற ஊரின் மலைப்பக்கம் ஒரு காணி இருந்தது. காணிக்குள் வீடு, கலியாணம் கட்டிப் போன வீடு. எரிவாயுக் கொம்பனி ஒன்று கிணறு தோண்டவென்று அதைக் குத்தகைக்கு எடுத்துக் கம்பிவேலி அடித்தது. கிணறு வற்றிக் கனகாலம். குத்தகைத் தவணை முடிந்ததென்று பதிவைக் காட்டினால்தான் வேலி திறக்கும். அந்தப் பதிவோ கலோஜெரோ வேலைசெய்யும் அந்தக் கொம்பனிக் கந்தோரிலேயே இருந்தது.

வீட்டு யன்னலைத் திறந்தால் முதலில் என்ன தெரியும், பிறகு என்ன தெரியும் என்று சிஞ்ஞோரா சொல்லத் தொடங்கினால் தட்டில் பாஸ்தா ஆறிப்போகும். அயலில்தான் தங்கச்சி இருக்கிறாள், மிச்சக் காலத்தை அவளோடு கழித்துவிட வேண்டும் என்பார். றோசமலர் கேட்டுக்கொண்டிருப்பாள். ஏக்கம் என்றால் என்னவென்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மகள் ஜெனுஷா நீர்கொழும்பில் பெரியம்மாவோடு இருந்தாள். விட்டுவிட்டு வரும்போது நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது தொலைபேசியை எடுத்தால், "ஆர் கதைக்கிறது?" என்று கேட்கிறாள்.

பிள்ளையைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம் குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. றோசமலருக்கு இந்த வேலை இருக்கும்வரைதான் அது செல்லும். கணவன் பீலிக்ஸ் கோடையில் மட்டும் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன். அந்த வேலையை நம்பி ஒருவரும் விசா தரமாட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பீலிக்ஸ் கேட்டான்.

"நீ ஏன் அந்தப் பதிவுக்கு இப்பிடி நாண்டுகொண்டு நிக்கிறாய்? அது கிடைச்சால் சிஞ்ஞோரா போயிடுவா. உனக்கு வேலையுமில்லை, எங்களுக்குப் பிள்ளையுமில்லை."

"தெரியும். அதுக்காக அவவை மறிச்சு வைக்கச் சொல்லுறீங்களோ?"



வர வர சிஞ்ஞோராவே கந்தோருக்குப் போக மனமில்லாதவர்போல ஆனார். ஒரு நாள் மழை என்றார், இன்னொரு நாள் தலையிடி என்றார். ஏமாந்து ஏமாந்து நம்பிக்கை விட்டுப்போச்சு என்று றோசமலர் நினைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பல்லரோச் சந்தையில் மீன் வாங்கி வாறன் என்று சொல்லிவிட்டு, நேரே கந்தோருக்குப் போனாள்.

"ஏன் பொய் சொல்லுறீங்கள்? உங்களுக்கு அது வெறும் வேலி. அவவுக்கு அது வீடு. சாகுமட்டும் அவவை அலைக்கழிக்கப் போறீங்களோ?"

அவளின் இத்தாலிய மொழி இடையிடையே தடக்கியது. குரல் தடக்கவில்லை.

கலோஜெரோ எழும்பிக் கதவைச் சாத்தினான். சிஞ்ஞோரா கூட வரவில்லையா என்று கேட்டான். இல்லை, வந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது என்றாள். அவன் திரும்ப வந்து கதிரையில் இருந்தான்.

"பதிவு எப்பவோ கிடைச்சிட்டுது. வேலியும் கழட்டியாச்சு. வீட்டுத் திறப்பு சிஞ்ஞோராவின்ரை கையிலைதான் இருக்கு."

றோசமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகேன் இவ்வளவு காலமும் இந்தப் பொய் என்று கேட்டாள்.

"சொல்லச் சொன்னதே அவதான். 'வீடு கிடைச்சது தெரிஞ்சால் ரோசா என்னைப் பிடிச்சு அனுப்பிப்போட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பாள். அவளின்ரை பிள்ளை வந்து இறங்குமட்டும் நீ தேடிக்கொண்டே இரு' எண்டவ."