டிரைவர் சம்சாரம் சிரிக்க மாட்டாள்

"டாக்டர் வந்து, 'உங்க ஸ்டெம் செல்லை எடுக்கணும்'னார். நான் சட்டைப் பையிலேருந்து என் செல்லை எடுத்து நீட்டிட்டேன்!"

பஸ் டிரைவர் இதைச் சொன்னதும் ஊசி போட வந்த நர்ஸ் சிரித்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த இளைஞன்கூட மாஸ்க்குக்குள் களுக்கென்று சிரித்துவிட்டான்.

டிரைவரின் சம்சாரம் மட்டும் சிரிக்கவில்லை. போர்வையை உதறி மடித்தபடி, "பேசினது போதும். மாத்திரையைப் போடுங்க" என்றாள்.

இளைஞனின் அருகில் உட்கார்ந்திருந்த அவனுடைய அக்காவுக்குச் சுருக்கென்றது.

தம்பிக்குப் போகப்போவது அக்காவின் செல்தான். அதற்காகப் போடுகிற ஊசியில் இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது. அதைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. வாயாடித் தம்பி வாயே திறக்காமல் கிடந்ததுதான் நெஞ்சைப் பிசைந்தது. இந்த டிரைவர் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பிறகுதான் அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

டிரைவருக்கு வேறு மாதிரி சிகிச்சை. அவர் உடம்பிலிருந்தே செல்லை எடுத்து, உறைய வைத்து, கடுமையான மருந்து கொடுத்து முடித்த பிறகு அவருக்கே திருப்பி ஏற்றுவார்கள். அதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"எடுத்து ஃப்ரீசர்ல வெச்சு, அப்புறம் சூடு பண்ணி எனக்கே குடுப்பாங்களாம். இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? எங்க வீட்டுச் சமையலறையில தினம் நடக்கறதுதானே!"

அறையே அதிர்ந்தது. சம்சாரம் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். கண்ணில்கூட ஒரு அசைவு இல்லை.

அக்கா தம்பியின் காதோரம் குனிந்தாள். "என்ன பொம்பளைடா இவ? அந்த மனுஷன் இத்தனை வலியிலயும் சிரிக்க வைக்கிறார். ஒரு பல்லைக் காட்டினா குறைஞ்சா போயிடுவா?"

"உனக்கு எதுக்குக்கா வம்பு?"

"வம்பு இல்லடா. ஏன்னு தெரிஞ்சுக்கணும்."

தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற முகத்தைப் பார்த்தே, கல்யாணத்துக்குப் போகிறவரா துக்கத்துக்குப் போகிறவரா என்று சொல்லிவிடுவாள். இந்த ஒரு முகம்தான் பிடிபடவில்லை. புருஷன் மேல் கோபமா? பழைய சண்டையா? இல்லை, பிறவியே இப்படித்தானா?

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் நல்லா தமாஷா பேசறாரே!"

"ம். பேசுவார்."

பாட்டிலை மூடிக்கொண்டு போயே போய்விட்டாள்.

டிரைவரைத் தனி அறைக்கு மாற்றுகிற நாள் வந்தது. இனி உடம்பில் எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கிவிடும். ஒரு சின்னச் சளிகூட ஆகாது. சம்சாரமே ஆனாலும் கண்ணாடிக்கு வெளியே நின்று போனில்தான் பேச வேண்டும்.

மழமழவென்று மழித்த தலையோடு டிரைவர் சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அவர் சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் மூச்சுவிட இடமில்லாத வண்டியை ஓட்டினேன். இப்போ பாரு, வண்டி பூரா காலி, ஒரே ஒரு பாசஞ்சர்! கூட்டமில்லாம எனக்கு எப்படி ஓட்ட வரும்? ஏம்மா, நீ வேணா படியில தொங்கிட்டு வாயேன்!"

நாற்காலியைத் தள்ள வந்தவர் தள்ள முடியாமல் நின்று சிரித்தார். தம்பி எழுந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சம்சாரம் சால்வையை இழுத்து அவர் தோளில் போர்த்தினாள். "பேசாம போங்க. மூச்சு வாங்குது பாருங்க."

"ம்ஹூம். இதுவும் பலிக்கலையா?" என்று முணுமுணுத்த டிரைவர், புருவத்தைச் சுருக்கி எதையோ யோசித்தபடியே போனார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று, வெளியே போன அந்தப் பெண்ணின் பின்னாலேயே நடந்தாள்.

மாடிப்படித் திருப்பத்தில், சுவரோடு சுவராக அவள் குறுகி உட்கார்ந்திருந்தாள். துண்டால் வாயை அழுத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின.

ஐயோ பாவம், அழுகிறாளே! கேட்க வந்ததெல்லாம் அக்காவுக்கு மறந்துபோனது. கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். அவள் நிமிர்ந்தாள்.

அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படியில... தொங்கிட்டு வாயேனாமே..." மேலே பேச முடியாமல் மறுபடியும் துண்டைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, இதை அவர் முன்னாடியே சிரிச்சா என்னவாம்? உள்ளே போற இன்னிக்காவது?"

அவள் மெல்ல மூச்சுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"இன்ன வியாதின்னு தெரிஞ்சதுமே மனுஷன் விட்டுட்டார்ங்க. வைத்தியம் வேண்டாம், வீட்டுக்குப் போயிடலாம்னு ஒரே பிடிவாதம். அழுதேன், கெஞ்சினேன், அசையலை. ஒருநாள் நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்கறதைப் பார்த்துட்டு, பாவம்னு ஏதோ ஜோக் சொன்னார். நான் இருந்த இருப்புல எங்கே சிரிப்பு வருது? அவருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. 'இரு, நாளைக்கு உன்னைச் சிரிக்க வைக்கலைன்னா நான் டிரைவரே இல்லை'ன்னார்."

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு எழுந்தாள். முகம் பழையபடி கல்லானது.

"வியாதி வந்ததுக்கப்புறம் அவர் வாயில 'நாளைக்கு'ங்கற வார்த்தை முதல் தடவையா வந்தது அன்னிக்குத்தாங்க. நான் சிரிச்சுட்டா, அது அத்தோட முடிஞ்சு போயிடாதா?"